இங்கிலாந்தின் சந்தை நகரங்களும் நடைவழிகளும்

வாரச்சந்தை கூட்டும் உரிமையைப் பழங்காலத்திலேயே பெற்ற சிறு நகரங்களை இங்கிலாந்தில் சந்தை நகரங்கள் என்பர். இத்தகைய நகரம் ஒன்றின் சதுக்கத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் வயல்வெளி வந்துவிடும். வயல் ஓரத்துக் கம்பத்தில் மஞ்சள் அம்புக்குறி பொறித்த சிறு வட்டத் தகடு ஒன்று இருக்கும். அம்பு காட்டும் திசையில் ஒற்றையடிப் பாதை செல்லும். அது தனியாருக்குச் சொந்தமான வயலின் நடுவே போகும். மேய்ச்சல் நிலத்தின் ஓரமாகப் போகும். சில இடங்களில் பண்ணை வீட்டின் முற்றத்தையே கடந்தும் போகும். விடுமுறை நாள்களில் குழந்தைகளையும் நாயையும் அழைத்துக்கொண்டு குடும்பங்கள் இவ்வழிகளில் நடக்கின்றன. அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை, கட்டணமும் கிடையாது.

பிறருடைய நிலத்தில் நடக்கும் இந்த உரிமை எப்படி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். சந்தைக்கும் மாவாலைக்கும் தேவாலயத்துக்கும் தினமும் போய்வந்த எளிய மக்களின் கால்கள்தாம் இவ்வழிகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்கின. பின்னர் அவை பறிபோகும் நிலை வந்தபோது, அவர்களின் வழிவந்தவர்களே வழக்காடியும் ஊர்வலம் போயும் அவற்றைக் காத்தனர்.

சந்தை நகரங்களின் தோற்றம்

இடைக்கால இங்கிலாந்தில் ஓர் ஊரில் சந்தை நடத்த அரசரின் உரிமப் பட்டயம் தேவைப்பட்டது. நிலப்பிரபுக்களும் மடாலயங்களும் அரசரிடம் பட்டயம் பெற்றுச் சந்தைகளை நிறுவினர். கடைக்காரர்களிடம் பெறும் வரி அவர்களுக்கு நல்ல வருவாயாக இருந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இவ்வகைச் சந்தைகள் பெருகின. சில ஊர்களின் பெயரிலேயே சந்தை இருப்பதைக் காணலாம். 'மார்க்கெட்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்கள் எல்லாருக்கும் புரிபவை. 'சிப்பிங்' என்று தொடங்கும் ஊர்ப்பெயர்களிலும் சந்தை என்னும் பொருளுடைய பழைய ஆங்கிலச் சொல்லே மறைந்திருக்கிறது.

ஒரு சந்தைக்கும் அடுத்த சந்தைக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும்? 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பிராக்டன் என்பவரின் பெயரால் வழங்கும் சட்டநூல் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறது. ஒருவர் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரம் 20 மைல். அதை மூன்றாகப் பகுக்க வேண்டும். ஒரு பங்கு சந்தைக்குப் போக, ஒரு பங்கு நேரம் வாங்கவும் விற்கவும், ஒரு பங்கு பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப. ஆகவே ஆறே முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்துக்குள், அதாவது ஏறக்குறைய 10.7 கிலோமீட்டருக்குள், புதிய சந்தை வந்தால் அது பழைய சந்தைக்குக் கேடு என்று கருதப்பட்டது.

இக்கணக்கு எல்லா இடத்திலும் அப்படியே பின்பற்றப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆனால் ஓர் உண்மையை அது காட்டுகிறது: இந்நகரங்களின் இடைவெளி மனிதரின் நடையால் அளக்கப்பட்டது. கோழிக்கூடையோடும் வெண்ணெய்ப் பானையோடும் போய்வரத் தக்க தூரத்தில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒரு சந்தை இருந்தது. ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் அச்சந்தைக்கு ஒரு குறுக்குவழியும் இருந்தது. இன்று சிறுவர்களோடு நடக்க ஏற்ற குறுந்தூர வழிகள் சந்தை நகரங்களைச் சுற்றி நிறைய இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நடை உரிமையான விதம்

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் வழக்கத்தை மதிப்பது. ஒரு நிலத்தின் ஊடாகப் பொதுமக்கள் நெடுங்காலம் தடையின்றி நடந்துவந்தால், நில உரிமையாளர் அவ்வழியைப் பொதுவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டதாகச் சட்டம் கொள்ளும். இதற்கு நிபந்தனைகள் உண்டு. மக்கள் வேலியை உடைத்து நுழைந்திருக்கக் கூடாது. மறைந்து சென்றிருக்கக் கூடாது. உரிமையாளரிடம் அனுமதி பெற்றும் சென்றிருக்கக் கூடாது. அனுமதி பெற்று நடப்பது அவரது தயவைப் பொறுத்தது; அதிலிருந்து உரிமை பிறக்காது. 'உரிமையாளரின் அனுமதியோடு மட்டும் இவ்வழியில் செல்லலாம்' என்று சிலர் இன்றும் பலகை வைப்பது இதனால்தான்.

மண் உரிமையாளருக்கு, அதன்மேல் நடந்து செல்லும் உரிமை பொதுமக்களுக்கு. இதுவே பொதுவழி உரிமையின் சாரம். ஒருமுறை பொதுவழியானது, சட்டப்படி நீக்கப்படும்வரை எப்போதும் பொதுவழியே என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. சில ஆண்டுகள் எவரும் நடக்காவிட்டாலும் அந்த உரிமை அழியாது.

வேலியடைப்புக் காலம்

இடைக்காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி கிராமங்களில் வயல்கள் திறந்தவெளியாகவே இருந்தன. ஒரு குடியானவரின் நிலம் ஒரே இடத்தில் இராது. பெரிய வயல்களில் ஆங்காங்கே நீண்ட கீற்றுகளாகச் சிதறிக் கிடக்கும். மேய்ச்சலுக்கும் விறகு பொறுக்கவும் பொதுநிலம் இருந்தது. 

இந்நிலங்களை ஒன்றுசேர்த்து, பிரித்து, வேலியிட்டுத் தனி உடைமையாக்கும் முறைக்கு வேலியடைப்பு என்று பெயர். இது படிப்படியாக நடந்து, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியே விரைவடைந்தது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட வேலியடைப்பு மசோதாக்கள் நிறைவேறின. அவற்றால் 68 இலட்சம் ஏக்கர் நிலம், அதாவது இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், வேலிக்குள் சென்றது.

வேளாண் விளைச்சல் பெருக இம்முறை உதவியது என்பது பல வரலாற்றாசிரியர்களின் கருத்து. ஆனால் பொதுநிலத்தை நம்பியிருந்த ஏழைகள் மாட்டை மேய்க்க இடமின்றிப் போயினர். வேலியோடு வழிகளும் மாறின. வேலியடைப்பு ஆணையர்கள் புதிய நேர்ச்சாலைகளை வகுத்தனர். பழைய ஒற்றையடிப் பாதைகள் பலவற்றை மூடினர். ஸ்டாம்ஃபோர்டு என்னும் சந்தை நகரத்துக்கு அருகிலுள்ள ஹெல்ப்ஸ்டன் கிராமத்தில் 1793இல் பிறந்த ஜான் கிளேர், வேளாண் கூலியாக வாழ்ந்த கவிஞர். அவரது ஊருக்கான வேலியடைப்புச் சட்டம் 1809இல் நிறைவேறியது. தாம் சிறுவயதில் திரிந்த வெளிகள் அடைபட்ட துயரத்தை அவர் தம் கவிதைகளில் பதிவுசெய்தார்.

இதில் ஒரு முரண் உண்டு. வேலியடைப்பின்போது ஆணையர்கள் எழுதிய தீர்ப்பு ஆவணங்களும் வரைபடங்களும் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. எந்தப் பாதை பொதுவழியாக விடப்பட்டது என்பது அவற்றில் குறிக்கப்பட்டிருக்கிறது. மறந்துபோன பாதைகளை மீட்க விரும்புவோர் இன்று முதலில் புரட்டுபவற்றில் இந்த ஆவணங்களும் அடங்கும்.

பாதைகாப்புச் சங்கங்கள்

1815இல் வந்த ஒரு சட்டம் நிலைமையை மேலும் மோசமாக்கியது. ஒரு பாதை தேவையற்றது என்று இரண்டு நீதிபதிகள் கருதினால் அதை மூடிவிடலாம் என்றது அச்சட்டம். அக்கால ஊர்ப்புற நீதிபதிகள் பெரும்பாலும் நிலக்கிழார்களே. ஒருவருக்கு வேண்டிய ஆணையில் அவருடைய நண்பர்கள் கையெழுத்திடுவது எளிதாயிற்று.

இதற்கு எதிர்ப்பு நகரங்களிலிருந்து எழுந்தது. 1824இல் யார்க் நகரிலும் 1826இல் மான்செஸ்டரிலும் பழைய நடைவழிகளைக் காக்கும் சங்கங்கள் தோன்றின. மான்செஸ்டர் அப்போது பருத்தி ஆலைகளின் புகை சூழ்ந்த நகரம். வாரம் முழுவதும் ஆலையில் உழைத்தவர்களுக்கு, ஓய்வு நாளில் வயல்வெளியில் நடப்பதே செலவில்லாத இன்பம். அந்த வழியும் அடைபட்டால் மூச்சுவிட வேறு இடமில்லை. அதனால் பாதை மூடப்பட்ட இடங்களில் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 

1865இல் பொதுநிலப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1895இல் நேஷனல் டிரஸ்ட் உருவானது. அதை நிறுவியவர்களில் ஆக்டேவியா ஹில், ராபர்ட் ஹண்டர் ஆகிய இருவரும் ஏற்கெனவே பொதுநிலங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டவர்கள். 1896 செப்டம்பரில் போல்டன் நகர மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, அடைக்கப்பட்ட வின்டர் ஹில் பாதையில் ஊர்வலமாக நடந்தனர். 1894இல் அமைக்கப்பட்ட மற்றொரு சங்கத்தின் முயற்சியால், ஹேஃபீல்டு கிராமத்திலிருந்து வில்லியம் கிளஃப் பள்ளத்தாக்கு வழியாகச் செல்லும் பாதை 1897இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது.

கிண்டர் ஸ்கவுட், 1932

இதே ஹேஃபீல்டிலிருந்துதான் 1932 ஏப்ரல் 24 அன்று ஏறக்குறைய 400 பேர் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டுநிலத்தை நோக்கி நடந்தனர். அவர்களுக்குத் தலைமை தாங்கிய பென்னி ராத்மனுக்கு வயது 20. அவர்கள் வில்லியம் கிளஃப் பாதையில் சென்று, அதிலிருந்து விலகி, வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்த மேட்டில் ஏறினர். காவலாளிகளோடு கைகலப்பு நேர்ந்தது. ஆறு பேர் கைதாயினர். ஐவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

மாணவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாதையில் நடக்கும் உரிமை வேறு. திறந்தவெளியில் விருப்பம்போல் உலவும் உரிமை வேறு. கிண்டர் ஸ்கவுட் போராட்டம் இரண்டாவதற்காக நடந்தது. அவ்வுரிமை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான், அதுவும் மலை, மேட்டுநிலம், புதர்நிலம், பொதுநிலம் போன்ற குறித்த வகை நிலங்களுக்கு மட்டும், கிடைத்தது. சந்தை நகரத்தைச் சுற்றியுள்ள வயல்வழி உரிமைக்கு அதைவிட வயது அதிகம்.

வரைபடத்தில் ஏறிய உரிமை

அதே 1932இல் நிறைவேறிய பொதுவழிச் சட்டம், 20 ஆண்டுகள் தடையின்றிப் பயன்பட்ட பாதையைப் பொதுவழியாகக் கொள்ளலாம் என்று தெளிவாக்கியது. ஆயினும் எந்தப் பாதை பொதுவழி என்பதைக் காட்டும் அதிகாரபூர்வப் பட்டியல் நாட்டில் இல்லை. ஒவ்வொரு வழக்கிலும் முதியவர்களைச் சாட்சிக்கு அழைத்து, 'உங்கள் சிறுவயதில் இவ்வழியில் நடந்தீர்களா?' என்று கேட்க வேண்டியிருந்தது. சாட்சிகள் இறந்துபோனால் பாதையும் போனதுபோலத்தான்.

1949ஆம் ஆண்டுத் தேசியப் பூங்காக்கள், ஊர்ப்புற அணுகல் சட்டம் இக்குறையைத் தீர்க்க முயன்றது. கவுண்டி மன்றங்கள் தத்தம் பகுதியின் பொதுவழிகளை ஆராய்ந்து, சட்டவலிமை உள்ள உறுதி வரைபடம் தயாரிக்க வேண்டும் என்றது. இப்பணிக்குக் கிராம மன்றத்தினர் பலர் தம் ஊர்ப் பாதைகளை நடந்து பார்த்துக் குறிப்பெடுத்துக் கொடுத்தனர். அவ்வரைபடத்தில் குறிக்கப்பட்ட பாதை, பொதுவழி என்பதற்கு முடிவான சான்று. ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் 1:25,000 அளவு வரைபடங்களில் பச்சைக் கோடுகளாகத் தெரிபவை இவையே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இவற்றின் நீளம் ஏறக்குறைய 1,40,000 மைல், அதாவது 2,25,000 கிலோமீட்டர்.

குடும்பத்தோடு நடக்க மூன்று வழிகள்

மேலே சொன்ன வரலாற்றை நேரில் காண உதவும் மூன்று நடைகள் இங்கே தரப்படுகின்றன.

முதலாவது, சிப்பிங் கேம்டன் நகரிலிருந்து டோவர்ஸ் ஹில் குன்றுக்குச் செல்வது. காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியிலுள்ள இந்நகர் இடைக்காலத்தில் கம்பளி வணிகத்தால் செழித்தது. வெண்ணெய், பாலாடைக்கட்டி, கோழி விற்போர் மழையில் நனையாதிருக்க 1627இல் கட்டப்பட்ட கல்மண்டபம் தெருவின் நடுவே இன்றும் நிற்கிறது. 102 மைல் நீளமுள்ள காட்ஸ்வோல்ட் நெடுவழி இந்நகரில் தொடங்கி பாத் நகர்வரை செல்கிறது. சிறுவர்களுக்கு அதன் முதல் பகுதி போதும். ஊரை விட்டு வெளியேறி, ஒரு மைலுக்குச் சற்று மேல் ஏறினால் குன்றின் உச்சி. அங்கிருந்து ஈவ்ஷாம் பள்ளத்தாக்கு விரிந்து தெரியும்.

ஏறக்குறைய 1612இல் ராபர்ட் டோவர் என்பவர் தொடங்கிய 'ஒலிம்பிக்' விளையாட்டுகள் இக்குன்றில்தான் நடந்தன. ஓட்டம், தாண்டுதல், மல்யுத்தம் ஆகியவற்றோடு, எதிராளியின் முழங்காலுக்குக் கீழ் உதைக்கும் போட்டியும் உண்டு. குன்றைச் சுற்றியிருந்த பொதுநிலம் வேலியடைக்கப்பட்டபின், 1852இல் விளையாட்டுகள் நின்றுபோயின. 1951இல் மீண்டும் நடத்தப்பட்டன. 1920களில் குன்றில் விடுதி கட்டும் ஆபத்து எழுந்தபோது எஃப். எல். கிரிக்ஸ் என்னும் ஓவியர் அதை ஏலத்தில் வாங்கிக் காத்தார். பின்னர் அது நேஷனல் டிரஸ்ட் வசம் சேர்ந்தது.

இரண்டாவது, வடக்கு யார்க்‌ஷயரில் ஹெல்ம்ஸ்லி நகரிலிருந்து ரீவோ மடாலயத்துக்குச் செல்வது. ஹெல்ம்ஸ்லி சதுக்கத்தில் வெள்ளிக்கிழமை சந்தை கூடும். இடிந்த கோட்டையின் அருகே தொடங்கும் இவ்வழி, 1969இல் திறக்கப்பட்ட கிளீவ்லாந்து நெடுவழியின் தொடக்கமும் ஆகும். வயல்களையும் காட்டின் ஓரத்தையும் கடந்து, ஏறக்குறைய மூன்று மைல் நடந்தால் ரை ஆற்றுப் பள்ளத்தாக்கில் மடாலயத்தின் உயர்ந்த கல் வளைவுகள் தெரியும். 1132இல் நிறுவப்பட்ட இம்மடத்தின் சிஸ்டெர்சியத் துறவிகள் ஆடு வளர்த்துக் கம்பளி விற்றுச் செல்வம் ஈட்டினர். எட்டாம் ஹென்றி காலத்தில், 1538இல், மடம் மூடப்பட்டது. போய்வர ஆறு மைல் ஆகும் என்பதால் எட்டு, ஒன்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றது. கடைசிச் சிறு பகுதி சாலையில் செல்வதால் குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, டார்பிஷயரின் பேக்வெல் நகரருகே உள்ள மான்சல் வழி. இது பழைய ஒற்றையடிப் பாதை அன்று. 1968இல் மூடப்பட்ட ரயில்பாதை. தண்டவாளம் அகற்றப்பட்ட தடம் 1981இல் நடப்போருக்குத் திறக்கப்பட்டது. அடைபட்டிருந்த சுரங்கங்கள் 2011இல் திறக்கப்பட்டன. ஏறக்குறைய எட்டரை மைல் நீளமுள்ள இத்தடம் ரயிலுக்காகச் சமன்செய்யப்பட்டதால், தள்ளுவண்டியிலுள்ள கைக்குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கும் வசதியானது. பேக்வெல்லில் திங்கட்கிழமை சந்தை. அது தேசியப் பூங்காக்களில் முதலாவதாக 1951இல் அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டப் பூங்காவுக்குள் உள்ளது.

நடப்போர் அறிய வேண்டியவை

உரிமை இருப்பதுபோல் கடமையும் உண்டு. கதவு திறந்திருந்தால் திறந்தபடியும் மூடியிருந்தால் மூடியும் விட்டுச்செல்ல வேண்டும். ஒரு கதவைத் தவறாகத் திறந்துவிட்டால் ஆட்டுமந்தை முழுவதும் பக்கத்து வயலில் இருக்கும். பசுக்கள் கன்றோடு இருக்கும்போது சற்று விலகிச் செல்ல வேண்டும். ஆடுகளின் அருகே நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும் உரியது. நீல அம்பு காட்டும் வழியில் குதிரையும் மிதிவண்டியும் செல்லலாம்.

உழவருக்கும் கடமைகள் உண்டு. வயலின் குறுக்கே செல்லும் பாதையை உழ நேர்ந்தால், விதைப்புக்கான முதல் உழவுக்குப் பின் 14 நாளுக்குள் அதை மீண்டும் நடக்கத் தக்கதாக்கித் தர வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். பாதை செல்லும் வயலில் பத்து மாதத்துக்கு மேற்பட்ட பால்மாட்டு இனக் காளையை அவிழ்த்துவிடக் கூடாது. வேலியைத் தாண்டுவதற்கான மரப்படிகளையும், ஆள் மட்டும் நுழையும் சிறு கதவுகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பது நில உரிமையாளரின் பொறுப்பு.

பதிவாகாத பாதைகள்

1949க்குப் பின் தயாரான வரைபடங்கள் முழுமையானவை அல்ல. சில கிராமங்கள் அக்கறையோடு கணக்கெடுத்தன. சில கிராமங்களில் பல பாதைகள் விடுபட்டன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு கெடு வைத்தது: 1949க்கு முன்பே இருந்து, 2026 ஜனவரி 1க்குள் பதிவாகாத பாதைகளின் உரிமை, சில விலக்குகள் தவிர, அழிந்துவிடும் என்றது.

எந்தப் பாதை விடுபட்டது என்பதைக் கண்டறிய, நடைப்பயணிகளின் அமைப்பான ராம்ப்ளர்ஸ் பொதுமக்களின் உதவியை நாடியது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் தம் வீட்டுக் கணினியில் பழைய வரைபடத்தையும் இன்றைய வரைபடத்தையும் கட்டம் கட்டமாக ஒப்பிட்டனர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட பாதைகள் பதிவின்றி இருக்கலாம் என்று 2020இல் கண்டறிந்தனர். பின்னர் கெடு 2031க்குத் தள்ளிவைக்கப்பட்டது. 2024 டிசம்பரில், இங்கிலாந்துக்கு இக்கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

ஆனால் கெடு நீங்கினாலே பாதை வரைபடத்தில் ஏறிவிடாது. ஒவ்வொரு பாதைக்கும் யாரேனும் ஒருவர் ஆவணக் காப்பகத்தில் வேலியடைப்புத் தீர்ப்பையும் பழைய வரைபடங்களையும் தேடி எடுத்து, உள்ளாட்சி மன்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்வேலையை இன்று செய்பவர்களில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். வெண்ணெய்க் கூடையோடு சந்தைக்கு நடந்து இவ்வழிகளைப் போட்டவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் நடந்த வழி மட்டும் பச்சைக் கோடாக வரைபடத்தில் இருக்கிறது.